மைனஸ் எண்பத்து நாலு

குவைத், மிஷ்ரிஃப், நான்காவது பிளாக்.
ஆகஸ்ட். வேனின் கதவுப் பிடியைத்
துணி சுற்றித்தான் தொடலாம்.
மூன்று மாடிக்கும் ஒரே ரவுட்டர்,
படிக்கட்டுக்கு அடியில், செருப்புகளுக்கு நடுவே.
எல்லா அறைக்கும் வரவேண்டும் என்றது வேலைச்சீட்டு.
அடிக்கோடிட்டு: சமையலறை முக்கியம்.

வீட்டு எஜமானியை இங்கே
வேலைக்கு நிற்பவர்கள் ‘மாமா’ என்பார்கள்.
ஒன்பது வருஷமாகியும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
மாமா வந்தார், கூரையைக் காட்டினார்,
ஏணி பிடிக்க ஒருத்தியை அனுப்பிவிட்டுப் போனார்.

ஜிப்சத்தில் துளையிட்டபோது
தூள் அவள் தலைத்துணியில் கொட்டியது.
தும்மினாள், பிறகு “அம்மாடி” என்றாள்.
துரப்பணத்தை நிறுத்தினேன்.
“எந்த ஊர்?”
“மஸ்கெலியா அண்ணே. தங்கேஸ்வரி.”

இட்லித் தட்டு அளவுதான் கருவி.
மின்சாரமும் பேச்சும்
ஒரே கம்பியில் ஏறும்.
வெள்ளை விளக்கு மினுங்கினால்
இன்னும் யாருக்கும் சொந்தமில்லை என்று அர்த்தம்.
‘தத்தெடுக்கவா?’ என்று மடிக்கணினி கேட்கும்.
ஆம் என்று தட்டினால்
கொஞ்சம் யோசித்து, நீலமாகும்.
எனக்கு இக்காமா அடிக்க ஏழு மாசம் ஆனது.

அக்கம்பக்கத்து வீடெல்லாம் ஆறாம் சேனலில்
மீன்கடைபோல் கத்திக்கொண்டிருந்தன.
பதினொன்றுக்குப் போனேன்.
பெயரை மகன் சொன்னான், அவனுடைய வல்லூறின் பெயர்.
கடவுச்சொல்லும் அதுவே, பின்னால் நாலு எண்.
வீட்டுக் கேமராக்கள் ஏழையும்
புதுப் பெயருக்கு மாற்றினேன்.

போனை ஏந்திக்கொண்டு அறை அறையாக நடந்தேன்.
இந்தக் கணக்கில் எல்லோரும் கடன்காரர்கள்;
குறைவாகக் கடன்பட்டவன் நன்றாக இருக்கிறான்.
கூடம், மைனஸ் நாற்பத்தெட்டு.
மேல்மாடி, ஐம்பத்தைந்து.
சமையலறை, எழுபத்தொன்று.
அதைத் தாண்டி சலவை இயந்திரம்,
அதைத் தாண்டி ஒரு கதவு, ஒரு கட்டில்.

புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.
யாரும் கேட்காமலே சக்தியை உச்சத்தில் வைத்தேன்.
டேப் அட்டையைக் கிழித்துக் கடவுச்சொல்லை எழுதி
நீட்டினேன், தர்மப் பிரபுவாக.

அவள் வாங்கவில்லை.
“எங்கிட்ட கார்டு இருக்கண்ணே.”
கண்ணை மட்டும் மேலே தூக்கினாள்.
அடுப்புக்கு எதிர்மூலையில்
முட்டை அளவில் ஒரு கேமரா.
“இது அடிக்கடி செத்துப்போகும்,
செகப்பு வெளிச்சம் வரும்.
அந்த நேரந்தான் நான் உக்காருவேன்.”

இப்போது அது பச்சையாக எரிந்தது.
திடமான பச்சை.
என் கைவேலை.

திரும்பவும் ஏணி.
கூரைக்குள் ஏசிக் குழாயின் தகரம் ஓடுகிறது.
மூன்றடி தள்ளி, அதன் மறுபக்கம்,
இரண்டாவது துளை.
முதல் துளைக்குப் பட்டி பார்த்தேன்.
தகரத்துக்கு நிழல் உண்டு, வெயிலில் விழுவதல்ல.
சக்தி: நடுத்தரம்.
கூடம் நாற்பத்தாறு. மகன் அறை ஐம்பது.
சமையலறை, மைனஸ் எண்பத்து நாலு.

பச்சை இரண்டு முறை விக்கியது.
சிவப்பு.
தங்கேஸ்வரி முக்காலியை இழுத்தாள்,
காலை நீட்டினாள்,
மல்லிக் கட்டைப் பிரித்து ஆயத் தொடங்கினாள்.
என்னைப் பார்க்கவில்லை. நானும் கருவிகளை எண்ணினேன்.

மாமா சோபாவில் இருந்தபடியே
போனில் கோடுகளை எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட்டார்.
“மத்பக்?” என்றார்.
“சுவர் கனம்” என்றேன். பொய்யில்லை.

பத்து நாள் கழிந்தது.
இன்று காலை புதிய சீட்டு:
மிஷ்ரிஃப், சமையலறைக் கேமரா அறுபடுகிறது,
அங்கேயே இன்னொரு கருவி பொருத்தவும்.
பெயர் என்னுடையதல்ல. ஷிஜுவுக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஷிஜு திருச்சூர்க்காரன். சுத்தமான வேலை,
எழுதியதை எழுதியபடி செய்வான்.
மூன்று முறை அழைத்துவிட்டேன்.
மணி போகிறது.
ஏணிமேல் இருப்பான்.